ஆகாயத்துல ஒன்றரை மணி நேரம், ரோட்டுல எவ்வளவு நேரம்?



சென்னையில இருந்து தூத்துக்குடி விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 530 கிலோமீட்டர். சின்ன விமானமே ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். ஆனா இறங்குற இடம் வாகைகுளம். நம்ம வீடு இருப்பதோ தென்காசியில், கடையநல்லூரில், செங்கோட்டையில்.

வாகைகுளத்தில் இருந்து திருநெல்வேலி, ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாக தென்காசிக்கு சுமார் 85 கி.மீ. சொந்தக் கார் இருந்தாலே இரண்டு மணி நேரம். பஸ் என்றால் பெட்டியைத் தூக்கிக்கிட்டு மெயின் ரோட்டுக்கு வரணும், திருநெல்வேலியில மாறணும். பறந்து வந்த நேரத்தைவிட தரையில போற நேரம்தான் அதிகம்!

நம்மைச் சுற்றி மூன்று விமான நிலையங்கள் இருக்கு. நேர்க்கோட்டில் பார்த்தால் திருவனந்தபுரம்தான் ரொம்பப் பக்கம், 70 கி.மீ. கூட இல்லை. ஆனால் நடுவில் மலை. புளியரை வளைவில் லாரிகளுக்குப் பின்னால ஊர்ந்து, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழா என்று சுற்றினால் 100 கி.மீ.க்கு மேல். மதுரையோ 150 கி.மீ.க்கு மேல்.

"தென்காசியிலேயே ஒரு ஏர்போர்ட் கட்டுங்க"ன்னு சிலர் கேட்கிறாங்க. ஆசை நியாயம்தான். ஆனால் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வான்வழித் தூரமே சுமார் 125 கி.மீ.தான், விமானத்துக்கு அரை மணி நேரப் பயணம். இதுக்கு நடுவில் இன்னொன்று கட்ட வயல்காட்டை எடுக்கிறதைவிட, இருக்கிறதை ஒழுங்காக இணைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது எங்கள் கருத்து.

தூத்துக்குடியில் சுமார் 450 கோடி ரூபாயில் கட்டிய புதிய முனையம் 2025 ஜூலை 26-ல் திறக்கப்பட்டது. 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3,115 மீட்டராக நீட்டப்பட்டிருக்கு. ஏ-321 ரகப் பெரிய விமானம் இறங்கத் தோதாகத் திட்டமிட்ட இடம். இத்தனை கோடி போட்ட பிறகு, ஒரு பஸ் விட முடியாதா?

எங்கள் கோரிக்கை மூன்றுதான்:

✅ குற்றாலம், தென்காசியில் இருந்து வாகைகுளத்துக்கு, விமான நேரத்தை அனுசரித்து அரசு பஸ். சீசன் மாதங்களில் கூடுதலாக.

✅ புளியரை மலைப்பாதையில் கனரக லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடு. திருவனந்தபுரம் போறவங்க விமானத்தைத் தவற விடக் கூடாது.

✅ தூத்துக்குடியில் இருந்து வளைகுடா நாடுகளுக்கு நேரடி விமானம்.

பஸ்ஸும் லாரிக் கட்டுப்பாடும் மாநில அரசின் வேலை. வெளிநாட்டு விமானம் மத்திய அரசின் கையில். இவர் அவரைக் காட்ட, அவர் இவரைக் காட்ட, நடுவில் நாம நிக்கக் கூடாது.

இது சொகுசுக்காகக் கேட்பது இல்லை, மக்களே. துபாயிலும் சவுதியிலும் உழைக்கிற நம்ம பிள்ளைங்க இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வர்றாங்க. திடீர்னு ஒரு துட்டிச் சேதி போனால், அப்பா முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்கணும்னு ஓடி வர்றாங்க. அவங்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் சாதாரண இரண்டு மணி நேரம் இல்லை. 2019 நவம்பர் 22-ல் தனி மாவட்டம் ஆனோம். பெயர்ப்பலகை மாறினால் மட்டும் போதுமா, பாதையும் மாற வேண்டாமா?

உங்க ஊரில் இருந்து விமான நிலையம் போக எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு ஆச்சுன்னு கமெண்ட்டில் எழுதுங்க. உங்கள் அனுபவம்தான் நம்ம மனுவுக்கு ஆதாரம்.

#தென்காசி #குற்றாலம் #வாகைகுளம்