தொண்டு செய்ய வந்த தூரதேசத்துப் பிள்ளைகள்

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், விடியற்காலையில் நின்று பாருங்கள். அயல்நாட்டு இளம்பெண் ஒருத்தி சைக்கிளில் போவாள். வயது இருபது, இருபத்திரண்டு இருக்கும். தலையில் துண்டு கட்டியிருப்பாள். அவள் சாமி கும்பிட வந்தவள் அல்ல. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவளும் அல்ல. வேலைக்குப் போகிறாள். அந்த வேலைக்குக் கூலி கிடையாது!

இப்படி வருகிறவர்களை 'வாலண்டியர்' என்கிறோம். தமிழில் தொண்டர். நமக்கு இது சொந்த ஊர். அவர்களுக்கோ கடல் கடந்த வெளிநாடு. அவர்கள் இங்கே எப்படி நாளைக் கழிக்கிறார்கள்? அவர்கள் வருவதால் லாபம் யாருக்கு? நமக்கா, அவர்களுக்கா?

முதல் மாதம் படிப்புத்தான்

காலையில் எழுந்ததும் தண்ணீர்ப் பிரச்சினை. எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முதல் வாரமே வயிறு கெட்டுப் படுக்கைதான்.

பிறகு சாப்பாடு. கையால் சோறு பிசைந்து சாப்பிடப் பழக வேண்டும். கடைக்காரரிடம் இடது கையால் பணம் நீட்டக் கூடாது. வாசலில் செருப்பை விட வேண்டும். கோலத்தை மிதிக்காமல் நடக்க வேண்டும். இதையெல்லாம் எந்தப் புத்தகமும் முழுதாகச் சொல்லித் தராது. பக்கத்து வீட்டு அம்மாள்தான் சொல்லித் தருகிறாள்.

"சாப்பிட்டாச்சா?" என்று அந்த அம்மாள் கேட்பாள். 'இல்லை என்று சொன்னால் இலை போட்டுவிடுவார்களோ?' என்று புதிதாக வந்த பிள்ளை தயங்கும். அது நலம் விசாரிப்பது என்று புரிய நாளாகும்.

ஆக, முதல் மாதத்தில் தொண்டர் செய்யும் தொண்டு மிகக் குறைவு. அவர் பெறுவதுதான் அதிகம். சோறு போடுவது, வழி காட்டுவது, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் அழைத்துப் போவது எல்லாம் ஊர்க்காரர்களின் தொண்டு. இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை!

கென்னடி அனுப்பிய இளைஞர்கள்

வெளிநாட்டு இளைஞர்கள் நம் நாட்டுக்குத் தொண்டு செய்ய வருவது புதிதல்ல. 1961ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, 'பீஸ் கோர்' என்னும் அமைதிப் படையைத் தொடங்கினார். படை என்று பெயரே தவிர, துப்பாக்கி கிடையாது. அந்த ஆண்டு இறுதியிலேயே முதல் கோஷ்டி பஞ்சாபுக்கு வந்தது. 1976 வரை 4,000க்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவில் பணி செய்தார்கள். கோழி வளர்ப்பு, விவசாயம், சுகாதாரம் என்று பல துறைகளில் ஈடுபட்டார்கள்.

இளைஞர்கள் மட்டும்தானா? 1966ல் 68 வயது மூதாட்டி ஒருவரும் வந்தார். பம்பாயை அடுத்த விக்ரோலியில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். அவர் பெயர் லில்லியன் கார்ட்டர். அவருடைய மகன் ஜிம்மி கார்ட்டர் 1977ல் அமெரிக்க ஜனாதிபதி ஆனார்!

அந்தப் படையில் ஒரு நல்ல விதி உண்டு. முதலில் பயிற்சி, போகும் ஊரின் மொழியைக் கற்க வேண்டும். பிறகு இரண்டு ஆண்டுகள் அங்கேயே தங்க வேண்டும். மொழி தெரியாமல் உதவி செய்ய முடியாது என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

மலை பச்சையான கதை

இப்போது திருவண்ணாமலைக்கு வருவோம். நம் அண்ணாமலை 2,668 அடி உயரம். அதைச் சுற்றும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஒரு காலத்தில் மலையில் பெரும் பகுதி மொட்டையாகிக் கிடந்தது. விறகுக்கு வெட்டினார்கள். ஆடு மாடு மேய்த்தார்கள். எஞ்சியதைக் கோடைத் தீ தின்றது.

1988ல் 'அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கம்' ஏற்பட்டது. இங்கே வந்து தங்கிவிட்ட அயல்நாட்டாரும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். பின்னர் 'பாரஸ்ட் வே' என்ற அறக்கட்டளை அந்தப் பணியில் இறங்கியது. அதைச் சேர்ந்தவர்கள் 2009ல் 'மருதம்' என்ற பண்ணைப் பள்ளியையும் தொடங்கினார்கள்.

வேலை எப்படி நடக்கிறது? காட்டு மரங்களின் விதைகளைப் பொறுக்க வேண்டும். பைகளில் மண் நிரப்பி நாற்று வளர்க்க வேண்டும். மழைக் காலத்தில் அதைச் சுமந்து மலை ஏறி நட வேண்டும். மழை ஓய்ந்ததும் புல் காய்ந்துவிடும். ஒரு பொறி போதும், சரிவு முழுவதும் பற்றிக்கொள்ளும். அதனால் காய்ந்த புல்லை அகலமான பாதைபோல வெட்டித் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும். தீ வந்துவிட்டால் பச்சைக் கிளைகளால் அடித்து அணைக்க வேண்டும். வெயிலில் செய்யும் கடும் உழைப்பு இது!

வந்து போகும் தொண்டர் இதில் கை கொடுக்கிறார். ஆனால் எந்தச் சரிவில் காற்று எப்படித் திரும்பும் என்று அவருக்குத் தெரியுமா? எந்த விதை எந்த மாதம் பழுக்கும் என்று தெரியுமா? அது இங்கேயே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். மரம் நடுவது ஒரு நாள் வேலை. அதைக் காப்பாற்றுவது பல ஆண்டு வேலை. மலையில் இன்று தெரியும் பச்சை, வந்தவர்களால் மட்டும் வந்ததல்ல; தங்கியவர்களாலும் ஊர்க்காரர்களாலும் வந்தது.

மலையின் நிலை அடிவாரத்துக் குடும்பங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. 2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு சரிந்தது. வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்து ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மரம் இருந்தால் எந்தச் சரிவும் நேராது என்று சொல்ல முடியாது. ஆனால் மலையைக் கவனிப்பது பொழுதுபோக்கு வேலை அல்ல என்பதை அந்த நாள் காட்டிவிட்டது.

ஒரு மாதம் போதுமா?

சுற்றுலாவுக்கு இணையவழி விசாவில் வருகிறவர், சம்பளம் எதுவும் பெறாமல், அதிகபட்சம் ஒரு மாதம் தொண்டு செய்யலாம் என்று நம் சர்க்கார் அனுமதிக்கிறது. அதற்கு மேல் செய்ய வேறு வகை விசா வேண்டும். எந்த நிறுவனம், எந்த ஊர் என்பது அதில் குறிக்கப்படும். வெளிநாட்டவருக்கு வீட்டில் இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் தரவும் வேண்டும். மாடி அறையை வாடகைக்கு விடும் குடும்பங்கள் இதை மறந்துவிடக் கூடாது.

பையில் மண் நிரப்ப ஒரு மாதம் போதும். சுவருக்கு வர்ணம் பூசப் போதும். ஆனால் குழந்தைகளோடு பழகும் வேலைக்குப் போதுமா? மாதம் ஒரு புதிய 'அக்கா' வருகிறாள், பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள், குழந்தை ஒட்டிக்கொள்கிறது. அக்கா விமானம் ஏறிவிடுகிறாள். குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது!

இதைவிடக் கொடுமையும் உலகில் நடந்திருக்கிறது. நேபாளத்திலும் கம்போடியாவிலும், தாய் தகப்பன் உயிரோடு இருக்கும் பிள்ளைகளை அநாதைகள் என்று காட்டி, தொண்டு செய்ய வரும் வெளிநாட்டாரிடம் பணம் பறித்தார்கள். 2018ல் ஆஸ்திரேலியா நவீன அடிமை முறைக்கு எதிராகச் சட்டம் இயற்றியபோது இந்தக் கொடுமையும் அங்கே பேசப்பட்டது. தொண்டு செய்யும் ஆசையே சிலருக்கு வியாபாரச் சரக்காகிவிட்டது.

ஆகையால், குழந்தைகள் இல்லங்கள் புதியவர்களைச் சேர்க்கும்போது எச்சரிக்கை தேவை. வருகிறவர் யார், எத்தனை நாள் இருப்பார், யார் மேற்பார்வையில் வேலை செய்வார் என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. வெள்ளைத் தோலைக் கண்டதும் கதவைத் திறந்துவிடுவது விருந்தோம்பலும் அல்ல.

நம் பிள்ளைகள் போனால்?

நம் வீட்டுப் பிள்ளைகளும் வெளிநாடு போய்த் தொண்டு செய்யலாம். ஐக்கிய நாடுகள் சபை 1970ல் தொண்டர் அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. அதில் இந்தியர்களும் சேரலாம். செலவுக்குப் படியும் உண்டு. ஆனால் தொண்டு செய்ய விடுகிறோம் என்று சொல்லி நம்மிடமே பெருந்தொகை கேட்கும் ஏஜெண்டுகளும் இருக்கிறார்கள். பணம் கட்டுமுன் பெற்றோர் நன்றாக விசாரிக்க வேண்டும்.

அதற்கு முன் இங்கேயே பழகிப் பார்க்கலாம். 1969ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. பத்து நாள் வேறொரு கிராமத்தில் தங்கி, அங்கே கிடைப்பதைச் சாப்பிட்டு, சொன்ன வேலையைச் செய்யத் தெரிந்த பிள்ளைதான் வெளிநாட்டிலும் பயன்படுவான்.

லாபம் யாருக்கு என்று கேட்டோம். ஒரு மாதம் இருந்து போகிறவருக்கு லாபம் அதிகம், நமக்குக் கொஞ்சம். அதில் தவறில்லை, அவர் அதை உணர்ந்து போனால் சரி. மொழி கற்று, ஆண்டுக்கணக்கில் நிற்பவரால் இரு தரப்புக்கும் லாபம்.

அடுத்த முறை கிரிவலம் போகும்போது மலையை நிமிர்ந்து பாருங்கள். சைக்கிளில் போகும் அந்தப் பெண்ணைக் கண்டால் ஒரு வார்த்தை பேசுங்கள். தமிழிலேயே பேசுங்கள். அவள் தப்புத் தப்பாகப் பதில் சொன்னாலும் சிரிக்காதீர்கள். திருத்திச் சொல்லுங்கள். அவள் சீக்கிரம் கற்றுக்கொண்டால் நமக்கும் நல்லதுதானே!