மகாலிங்கத்துக்கு நடிக்கத் தெரியாதாம்!

டி. ஆர். மகாலிங்கம் நடிகரே அல்ல, வெறும் தொண்டை என்று ஒருவர் நம் வட்டார மலரில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பாலகனாக இருந்தபோது வாங்கிய கைதட்டலை வைத்தே காலமெல்லாம் ஓட்டினாராம். மைக் பரவாத காலத்துக் கிராமத்து ஜனங்களுக்குச் சத்தம்தான் சங்கீதமாம், யார் கூடுதலாகக் கத்தினாலும் கும்பிட்டார்களாம். ‘பராசக்தி’ வந்து வசன நடிப்பு தலையெடுத்ததும் மகாலிங்கத்தின் சாயம் வெளுத்துவிட்டதாம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஐயங்கார்குளத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவனுக்கு எந்த வரியில் எரியும் என்று அவர் யோசித்திருக்க மாட்டார்.

முதலில் அந்தப் பாலகன் கதை. சோழவந்தானுக்குப் பக்கத்தில் தென்கரையில் 1924-இல் பிறந்தவர் மகாலிங்கம். நாடக மேடையில் பாடிக்கொண்டிருந்த பையனை ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் ‘நந்தகுமார்’ (1938) படத்தில் கிருஷ்ணனாக்கினார். மறு வருஷம் ‘பிரகலாதா’. அந்தக் கணக்கு வெகுகாலம் ஓடவில்லை. பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் வாத்தியார்கள் பயந்த ஒரே விஷயம் மகரக்கட்டு. நேற்று வரை ராஜாவாக இருந்த பையன் குரல் உடைந்ததும் பின்பாட்டுக்குப் போவான், இல்லையென்றால் ஊருக்கு ரயில் ஏறுவான். மகாலிங்கம் அதைத் தாண்டி, வாலிபனாக ‘ஸ்ரீவள்ளி’யில் (1945) வந்து நின்றார். அங்கே ‘காயாத கானகத்தே’ பாடினார். அது நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டு. கிட்டப்பா இறந்து பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவரை நேரில் கேட்ட காதுகள் கொட்டகையில் நிறைய இருந்திருக்கும். அவர்கள் முன்னால் அந்தப் பாட்டை அந்த ஸ்தாயியில் எடுப்பது பழைய கைதட்டலைச் செலவழிக்கிற வேலையா?

கிராமத்து ஜனம் சத்தத்துக்கு மயங்கியது என்கிறாரே, அதற்கும் பதில் அதே படத்தில் இருக்கிறது. வள்ளியாக நடித்த ருக்மிணி பாடிய பாட்டுகள் திருப்தி தரவில்லை என்று, படம் முடிந்த பிறகு பி. ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து மாற்றினார் செட்டியார். எதைக் கொடுத்தாலும் கும்பிடுகிற கூட்டத்துக்காக எந்த முதலாளியாவது இப்படிக் கைக்காசைச் செலவழிப்பாரா? வியாபாரம் தெரிந்த மனிதர் அவர். டிக்கெட் வாங்குகிறவனின் காதுக்குப் பயந்துதான் செய்தார்.

கிராமத்து ஜனம் எதைக் கேட்டு உருகுகிறது என்று பார்க்கக் கட்டுரையாளர் காஞ்சிபுரத்திலிருந்து ஐயங்கார்குளம் சாலையில் ஒரு தரம் வந்திருக்கலாம்.   வழியில் புஞ்சரசந்தாங்கல். பெருங்கட்டூர் ராஜகோபால் வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. மகாலிங்கத்தைப் போல அவரும் சிறு வயதிலேயே வேஷம் கட்டியவர். எங்கள் பக்கத்தில் ‘கர்ண மோட்சம்’ கூத்து விடிய விடிய நடக்கும். கர்ணன் சண்டைக்குக் கிளம்புகிறான், மனைவி பொன்னுருவி மறிக்கிறாள். கர்ணன் முகத்தில் அரிதாரம் அப்பியிருக்கும், தலையில் கிரீடம், தோளில் புஜகட்டை, மார்பில் பதக்கம். அந்த முகத்தில் கண்ணைத் தவிர எதுவும் அசைவது பின்வரிசைக்குத் தெரியாது. அவன் ஒரு வரியை உச்சத்தில் எடுத்து நிறுத்துவான், பின்பாட்டுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள், முகவீணை மேலே ஏறும். மூன்றாம் தரம் அதே வரிக்கு வரும்போது அவன் குரலைக் கொஞ்சம் இறக்குவான். திரும்பி வரமாட்டோம் என்று அவனுக்குத் தெரியும் என்பது அந்த இறக்கத்தில்தான் ஜனத்துக்குப் புரியும். பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிகள் அப்போது மூக்கைச் சிந்துவார்கள். அவர்கள் சத்தத்துக்கா அழுகிறார்கள்?

மகாலிங்கம் வந்த நாடக மேடையும் இந்த மேடைக்குச் சொந்தம்தான். பாட்டு வேறு, நடிப்பு வேறு என்று அங்கே யாரும் பிரித்து வைக்கவில்லை. வசனக் காட்சிகளில் அவர் விறைப்பாக நிற்பார், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிப்பார். இதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் பாட்டு ஆரம்பித்ததும் அந்த ஆள் மாறுவதைப் பார்க்காமல், வசனத்தை மட்டும் வைத்து மார்க் போடுவது என்ன பரீட்சை?

‘பராசக்தி’ (1952) அவரை முடித்துவிட்டது என்பது தேதி பார்க்காமல் எழுதியது. அவரைச் சறுக்கவைத்தது கடன். ‘மச்சரேகை’ (1950), ‘மோகனசுந்தரம்’ (1951), ‘சின்னதுரை’ (1952), ‘விளையாட்டுப் பொம்மை’ (1954) என்று சொந்தப் படங்களில் இறங்கினார், கையைச் சுட்டுக்கொண்டார். சொந்தப் படம் எடுத்து நொடித்தவனுக்கு நடிப்பு வராது என்றால், ‘பிராப்தம்’ (1971) எடுத்து நஷ்டப்பட்ட சாவித்திரிக்கும் நடிக்கத் தெரியாது என்று இவர் எழுதவேண்டும். எழுதட்டும் பார்க்கலாம். ‘பராசக்தி’ வந்து ஆறு வருஷம் கழித்து, கண்ணதாசன் எடுத்த ‘மாலையிட்ட மங்கை’யில் மகாலிங்கம்தான் கதாநாயகன். ‘செந்தமிழ் தேன்மொழியாள்’ தமிழ்நாட்டுத் தெருவெல்லாம் ஒலித்தது. மறு வருஷம் ‘அமுதவல்லி’. பல கதாநாயகர்களுக்கு டி. எம். சௌந்தரராஜன் குரல் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், தன் பாட்டைத் தானே பாடிக்கொண்டு கதாநாயகனாக நிற்க முடிந்தது. சாயம் வெளுத்தவருக்கு இது எப்படி வாய்த்தது என்று கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை.

துருப்புச் சீட்டாக ஃப்ராங்க் சினாட்ராவை இறக்கியிருக்கிறார். 1940-களில் பள்ளிக்கூடத்துப் பெண்கள் கூச்சல் போட்டுக் கொண்டாடிய பாடகர், 50-களின் தொடக்கத்தில் மவுசு இழந்து, ‘ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி’ (1953) படத்தில் துணை நடிகருக்கான ஆஸ்கார் வாங்கி மீண்டார். மகாலிங்கத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை என்கிறார். சரியான ஆளைத்தான் கொண்டுவந்தார், தன் கட்சிக்கு எதிராக. சினாட்ரா மீண்டது பாட்டே பாடாத ஒரு சிப்பாய் வேஷத்தில். அவருடைய ஊரில் நடிகராக ஒப்புக்கொள்ளப் பாட்டை ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. மகாலிங்கம் பாடிக்கொண்டே திரும்பி வந்தார். இதில் எது சுலபம் என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை, ஆனால் இரண்டாவதைத் தோல்வி என்று அழைக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

கடைசியாக ‘திருவிளையாடல்’ (1965). ஏ. பி. நாகராஜன் அவருக்குக் கொடுத்தது பாணபத்திரர் வேஷம். ஹேமநாத பாகவதரோடு போட்டிக்குப் பாடச் சொல்லி அரசன் ஆணையிட, தோற்றுவிடுவோம் என்று நடுங்கிச் சோமசுந்தரர் சந்நிதியில் போய் நிற்கிற பாடகர். ஹேமநாதராக வந்த பாலையா பாலமுரளி கிருஷ்ணாவின் குரலுக்கும், சிவாஜி சௌந்தரராஜனின் குரலுக்கும் வாயசைத்த படம் அது. சொந்தக் குரலில் பாடியவர்கள் கே. பி. சுந்தராம்பாளும் இவரும். இனி வேஷத்தின் சிக்கலைப் பாருங்கள். தமிழ்நாடே அறிந்த தொண்டைக்காரர் ஒருவர், தனக்குப் பாட்டு வராதோ என்று பயப்படுவதை நாம் நம்பவேண்டும். ‘இசைத்தமிழ் நீ செய்த அருஞ்சாதனை’யில் அவர் குரலைச் சின்னதாக்கிக்கொள்ளவில்லை, முழுக் குரலில்தான் எடுக்கிறார். ஆனால் அந்த உச்சம் கச்சேரிக்காரனின் உச்சமாக இல்லை, வழி தெரியாமல் கூப்பிடுகிறவனின் உச்சமாக இருக்கிறது. கை கூப்பியபடி நிற்கிறார், வேறு சேஷ்டை ஒன்றும் இல்லை.

நடிக்கத் தெரியாதவர் என்று எழுதியவர் இந்தக் காட்சியைப் பற்றி ஏன் மூச்சு விடவில்லை? பார்த்திருந்தால், அதில் எந்த இடம் பொய் என்று காட்டட்டும். அடுத்த மலரில் அவருக்கும் இடம் கொடுப்பார்கள். இந்தத் தரம் நான்கு பக்கம் வேண்டாம், இந்த ஒரு காட்சிக்குப் பதில் சொன்னால் போதும்.