அடிஜல்லிச் சித்தாந்தம்

"அடியில் ஜல்லி, மேலே மணல், நடுவில் கள்ளி, அப்புறம் கவலை எதற்கு?" என்னும் வாக்கியம் மலர்க் கண்காட்சிப் பந்தல்களிலும் பத்திரிகைகளின் தோட்டப் பக்கங்களிலும் பல காலமாக வேதவாக்காக வழங்கிவருகிறது. அண்மையில் ஒரு பிரசங்கி, ஒரு பிடி ஆற்று மணலைக் கையில் ஏந்தி விரல்களினூடே ஒழுகவிட்டு, "பார்த்தீர்களா, தண்ணீரும் இப்படித்தான் ஓடிவிடும்" என்று அபிநயத்துடன் விளக்கியபோது சபையோர் கரகோஷம் செய்தார்கள். உலர்ந்த மணல் விரலிடுக்கில் வழிவது உலர்ந்த மணலின் குணத்தைக் காட்டுமேயன்றி, அதில் ஊற்றிய ஜலத்தின் கதியைக் காட்டாது என்பது அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவருடைய சில்லறை வாதங்களை விரைவில் தீர்த்துவிடலாம். கரித்துண்டு மண்ணிலுள்ள விஷத்தை உறிஞ்சிவிடும் என்றார்; எந்த விஷம் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் என்றார். ஐப்பசி அடைமழையிலும் அதே கணக்குத்தானாம்.

கள்ளி பாலைவனத்துச் செடி, பாலைவனமோ மணல், ஆகவே கள்ளிக்கு மணல் என்பது அவருடைய பெரிய தர்க்கம். பாலைவனம் என்றதும் ஒட்டகம் நடக்கும் மணற்குன்றையே மனக்கண்ணில் காண்கிறவர்கள், அந்த ஒட்டகத்தின் அரேபியாவில் கள்ளிக் குடும்பம் சுயமாகத் தோன்றவே இல்லை என்பதை ஏனோ கவனிப்பதில்லை. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். நம் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்து வந்ததுதான். அரிசோனாவின் சொனோராப் பாலைவனத்தில் ஓங்கி நிற்கும் சகுவாரோ, பெரும்பாலும் சரளைக்கல் மண்டிய சரிவுகளிலும் அடிவாரங்களிலும் வேர்கொண்டு, இளங்கன்றாக இருக்கையில் பாலோ வெர்டே போன்ற மரங்களின் நிழலில் ஒதுங்கி வளர்கிறது. கண்காட்சிகளில் பரிசு வாங்கும் பொன்னிற உருண்டைக் கள்ளியோ மெக்ஸிகோவின் பாறைச் சரிவுகளைச் சேர்ந்தது. இவையெல்லாம் போகட்டும், நள்ளிரவில் அண்டை வீட்டாரையெல்லாம் எழுப்பிக் காட்டுகிறோமே, 'பிரம்ம கமலம்' என்று நாம் பக்தியுடன் அழைக்கும் அந்த வெள்ளைப் பூவின் செடியும் அசல் கள்ளிக் குடும்பம்தான், மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளின் ஈரக் காடுகளில் மரக்கிளைகளைத் தொற்றி வளர்வது. பிரசங்கியின் நியாயப்படி அதற்கு மணலா, மாமரமா?

மேலும், சகுவாரோ வளரும் டூசான் நகரில் ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழை. சென்னையிலோ சுமார் 1,400. அதில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்க்கிறது. அங்கே எந்த மண்ணும் காய்ந்துவிடும்; இங்கே பொடிமணல் காயாது. துகள் சிறுத்தால் இடைவெளி சிறுக்கும். இடைவெளி சிறுத்தால் நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும் சக்தி பெருகும். ஆற்று மணலுக்குப் பதிலாக இப்போது கிடைக்கும் எம்-சாண்டிலோ, கல்தூளும் சேர்ந்து, இரண்டு மழைக்குப் பிறகு தொட்டிக்குள் காரை பூசியதுபோல் இறுகிவிடுகிறது.

ஆனால் என் பொறுமையை ஆண்டுக்கணக்கில் சோதித்துவருவது அந்த அடிஜல்லிதான். கல்லுக்குக் கல் அகன்ற இடைவெளி இருக்கிறது, ஆதலால் தண்ணீர் அதற்குள் தாவி இறங்கிவிடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். தண்ணீரின் சுபாவம் நேர்மாறானது. நுண்ணிய மண்ணின் இடுக்குகளில் நுண்புழை விசையால் பற்றிக்கொண்டிருக்கும் ஜலம், அகன்ற இடைவெளியைக் கண்டதும் அதற்குள் இறங்காமல் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. மேலே உள்ள மண் முழுதும் நனைந்து, இனித் தாங்காது என்ற நிலை வந்த பின்னரே சொட்டுச் சொட்டாகக் கீழே விடுகிறது. இதை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வால்டர் கார்ட்னர் என்னும் மண்ணியல் அறிஞர் 1959-இல் படமாகவே பிடித்துக் காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் இறங்கிவரும் நீர், பருமணல் படலத்தைத் தொட்டதும் கீழே பாயாமல் பக்கவாட்டில் பரவுவதை அதில் பிரத்தியட்சமாகக் காணலாம். ஆக, ஜல்லி பரப்பியவர் ஈரத்தைக் கீழே தள்ளவில்லை. வேரை நோக்கி மேலே தூக்கிவைத்திருக்கிறார்.

கணக்காகவே பார்ப்போம். 12 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியில், அடியில் 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈரம் தேங்கும் தன்மையுள்ள கலவையை நிரப்பினால், மேலே 8 சென்டிமீட்டர் காற்றோட்டமாக இருக்கும். அதே தொட்டியில் 4 சென்டிமீட்டர் ஜல்லி பரப்பி, அதே கலவையை அதன்மேல் நிரப்பினாலும் தேங்கும் ஈரம் அதே 4 சென்டிமீட்டர்தான். வேருக்கு மிஞ்சுவதோ 4. காசு கொடுத்து ஜல்லி வாங்கிக் காற்றில் பாதியைப் பறிகொடுத்ததுதான் கண்ட லாபம்.

இதற்கும் கார்ட்னரின் படம் வேண்டும் என்று கேட்கிறவர்கள், பாத்திரம் துலக்கும் பஞ்சு ஒன்றை நன்றாக நனைத்து, உள்ளங்கைமேல் படுக்கவைத்து, சொட்டுவது நின்றபின் அதையே செங்குத்தாக நிறுத்திப் பார்க்கட்டும்; மறுபடியும் தண்ணீர் வடியும். உயரம் கூடினால் வடிகால் கூடும். ஜல்லியோ மண்ணின் உயரத்தைக் குறைக்கிறது. பிரசங்கி இதைப் பரீட்சித்தாரா என்று கேட்டால், "முப்பது வருஷ அனுபவம்" என்கிறார். முப்பது வருஷமும் அவருடைய கள்ளிகளைக் காப்பாற்றியது ஜல்லி அன்று, சித்திரை வெயிலும் தண்ணீர் ஊற்ற மறந்த வேலைக்காரரும்தான் என்பது என் அபிப்பிராயம்.

செய்ய வேண்டியது, தொட்டியின் அடிமுதல் விளிம்புவரை ஒரே கலவை. அதில் பாதிக்கு மேல், பொடி போகச் சலித்த செங்கல் சில்லோ பியூமிஸ் கல்லோ, மிச்சம் கொஞ்சம் செம்மண்ணும் இலைமக்கும். ஜல்லி இல்லாவிட்டால் துவாரத்தின் வழியே மண் ஒழுகிவிடாதா என்பது அவருடைய கடைசி அஸ்திரம். துவாரத்தின்மேல் பழைய கொசுவலையில் ஒரு துண்டைக் கத்தரித்துப் போட்டால் ஒழுகாது.