தோணியிலே கல் ஏற்றலாமா?

வாவிக் கரையொன்றில் வாழும் அன்னையார் ஒருவர் சென்ற கிழமை இப்பகுதிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகனும் அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவரும் மாலை வகுப்புக்காகச் சிறு தோணியொன்றில் துடுப்பு வலித்து அக்கரை சென்று, பொழுதுபடும் வேளையில் திரும்புகின்றனராம். "தோணி ஆடும்போது என் நெஞ்சும் உடன் ஆடுகிறது. அடியிலே நாலைந்து கருங்கற்களை இட்டால் ஆட்டம் நின்றுவிடும் என்று என் தமையனார் சொல்கிறார். இடலாமா?" என்பது அவர் வினா.

கரையோரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் பயன்படக்கூடிய வினா இது. ஆதலால் விடையைச் சற்று விரித்தே கூறுவோம்.

தோணி ஏன் கவிழ்கிறது என்பதை அடுக்களையிலேயே கண்டுகொள்ளலாம். ஒரு பெரிய வாளி நீரில் வெறுஞ் செம்பு ஒன்றை நிமிர்த்தி விடுங்கள். அது நில்லாமல் ஒருபக்கம் சரியும். அதே நீரில் ஒரு தட்டத்தை விடுங்கள். விரலால் ஓரத்தை அழுத்தினாலும், விரலை எடுத்ததும் நிமிர்ந்துகொள்ளும். நீரில் மிதக்கும் பொருள் எதன்மீதும் இரண்டு விசைகள் தொழிற்படுகின்றன. பொருளின் பாரம் அதன் புவியீர்ப்பு மையத்தினூடாகக் கீழ்நோக்கி இழுக்கும். நீரின் மேலுதைப்பு, நீருள் அமிழ்ந்த பகுதியின் நடுவினூடாக மேல்நோக்கித் தள்ளும். தோணி வலப்பக்கம் சரியுமாயின் அப்பக்கம் கூடுதலாக அமிழும். மேலுதைப்பும் அப்பக்கமே நகரும். பாரத்தைவிட அது வெளியே நகர்ந்து நிற்கும்வரை தோணியை நிமிர்த்தித் தரும். பாரமே மேலுதைப்பைக் கடந்து வெளியே போய்விட்டால், பின்னர் அதனை நிமிர்த்த எவராலும் ஆகாது. இந்தக் கணக்கை முறைப்படுத்தி நூலாக்கியவர் பிரெஞ்சு நாட்டறிஞர் பியர் பூகே. அந்நூல் வெளிவந்தது 1746 இல். இன்றும் பெருங்கப்பல் முதற்கொண்டு சிறுதோணி வரை யாவும் அக்கணக்கின்படியே அமைகின்றன.

இக்கணக்கிலிருந்து நமக்கு வேண்டியவை இரண்டே. முதலாவது, அகலம். நீர்மட்டத்தில் தோணியின் அகலம் கூடும்போது அதன் நிமிர்வாற்றல் அகலத்தின் அளவாக மட்டும் கூடுவதில்லை. அகலத்தை மும்முறை தன்னோடு பெருக்கிய அளவாகக் கூடுகிறது. இரண்டடி அகலத்துக்கு 2×2×2, அதாவது 8. இரண்டரை அடிக்கு 15½ க்கும் மேல். பாரமும் நீளமும் மாறாதிருக்க, அரையடி அகலம் கூடினால் நீர் தரும் ஆதரவு ஏறத்தாழ இருமடங்காகிறது. இரண்டாவது, தாழ்வு. பாரம் எவ்வளவு தாழ இருக்கிறதோ அவ்வளவுக்கு நன்று.

இனிக் கல்லுக்கு வருவோம். அன்னையாரின் தமையனார் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. அடியில் இட்ட கல், புவியீர்ப்பு மையத்தைத் தாழ்த்தும். ஆட்டமும் ஓரளவு குறையும். ஆயினும் அதற்காக நாம் கொடுக்கும் விலை பெரிது. நாற்பது கிலோ கல் ஏறினால் சிறுதோணி ஏறத்தாழ ஓரங்குலம் மேலும் அமிழும். நீருக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு சாண் மட்டுமே உள்ள தோணியில் ஓரங்குலம் என்பது சிறிய இழப்பன்று. அன்றியும், கட்டாத கல் தோணி சரிந்த பக்கமே உருளும். நிமிர வேண்டிய வேளையில் கவிழ்க்கத் துணைபுரியும். நீர் நிறைந்த தோணியிலோ அக்கல் நேரிய பகையாகிவிடும். நாற்பது கிலோ கருங்கல் நீருக்குள்ளும் ஏறத்தாழ இருபத்தைந்து கிலோ பாரத்தோடு தோணியைக் கீழே இழுக்கும்.

ஆகவே, அன்னையாருக்கு எமது விடை: கல் வேண்டாம். கல்லினும் சிறந்த பாரம் உங்கள் தோணியில் ஏற்கனவே இருக்கிறது. பிள்ளைகளே அது! மூவரும் குறுக்குப் பலகையில் அமர்வதை விட்டு, அடியில் ஒரு பாயையோ மரத்தட்டியையோ இட்டு அதன்மேல் அமரட்டும். துடுப்பு வலிப்பவர் முழந்தாளிடட்டும். மூவரின் பாரமும் ஏறத்தாழ ஒரு சாண் தாழ்ந்தால், அந்தக் கற்களால் வரும் நன்மையினும் மிகுந்த நன்மை வரும். தோணியோ ஓரங்குலமும் கூடுதலாக அமிழாது. புத்தகப் பைகளும் அடியிலேயே கிடக்கட்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தோணியில் இருப்பதைப் பிள்ளைகள் அறவே கைவிட வேண்டும். நீரில் விழுந்தால் அந்தப் பட்டியே கையைக் கட்டிப் போடும்.

தனியொருவராகச் செல்லும் மீனவர் சிலர், இலேசான தோணிக்குப் பாரம் வேண்டியே தீரும் என்பர். அத்தகையோர் கல்லுக்குப் பதிலாக இருபது லீற்றர் பிளாஸ்டிக் கலனொன்றை நீரால் முற்றாக நிரப்பி, இறுக மூடி, நடுவில் அசையாதபடி கட்டிவைக்கலாம். தோணிக்குள் இருக்கும்வரை அதற்கு இருபது கிலோ பாரம் உண்டு. தோணியில் நீர் நிறைந்துவிட்டால், நீருக்குள் இருக்கும் நீருக்குப் பாரமேது? கலனைப் பாதியாக நிரப்புவது மட்டும் கூடாது. அலையும் நீர் எப்போதும் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடும். தோணியின் அடியில் தேங்கும் நீரும் இதே தீங்கைச் செய்வதால், இறைப்பதற்கு ஒரு சிரட்டையோ வெட்டிய கலனோ எந்நேரமும் கயிற்றில் கட்டியபடி இருக்க வேண்டும். அடியில் நாலு விரல் நீர் நின்றால், "கரைக்குப் போய் இறைப்போம்" என்று எண்ணுதல் தவறு.

அகலத்தைக் கூட்டும் வழியை நம் நாட்டார் நெடுங்காலமாகவே அறிவர். நீர்கொழும்பிலும் தென்கரையிலும் சிங்கள மீனவர் செலுத்தும் பக்கமிதவைத் தோணியைக் கண்டவர்கள், அதன் உடல் எத்துணை ஒடுங்கியது என்பதை அறிவார்கள். இரு கால்களையும் பக்கம்பக்கமாக வைக்க இடம் போதாது. ஆயினும் அது பாய்விரித்துக் கடலிற் செல்கிறது. காரணம், இரண்டு வளைகழிகளின் நுனியில் உடலுக்கு எட்ட நிற்கும் மிதவை மரமே. காற்று வலுக்கும்போது ஆட்கள் அக்கழிகளின்மேல் ஏறி நிற்பர். ஓராள் ஏறவேண்டிய காற்று, ஈராள் ஏறவேண்டிய காற்று எனக் காற்றின் வலிமையையே ஆட்கணக்கில் அளந்து பேசினர் அக்கடலோடிகள்.

இதே நுட்பத்தை வாவித் தோணிக்கும் பொருத்தலாம். 110 மில்லிமீற்றர் பீ.வீ.சீ. குழாய் ஒன்று பத்தடி நீளமிருந்தால், இருமுனைகளையும் மூடியிட்டுப் பசையால் அடைத்தபின், தன் பாரம் போக இருபது கிலோவுக்கும் மேலான மிதப்பைத் தரும். தோணியின் நடுவிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் அது நிற்குமாயின், ஐம்பது கிலோ பாரமுள்ள ஒருவர் அப்பக்கம் நாற்பது சென்ரிமீற்றர் சாய்ந்தாலும் அதனைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் மறுபக்கம் சாயும்போது இந்த மிதப்பு உதவாது. அங்கே கைகொடுப்பது மிதவையின் பாரம், குழாயோ பாரமற்றது. எனவே சிறுவர் செல்லும் தோணிக்கு இருபக்கமும் ஒவ்வொரு குழாய் பொருத்துதலே தக்கது. தோணி நேராக நிற்கையில் குழாய்கள் நீரைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். கழிகளை ஆணியால் அறையாமல் கயிற்றால் வரிந்து கட்டுங்கள். கட்டு, அலைக்கு நெகிழ்ந்து கொடுக்கும். ஆணி அடித்த இடம் பிளக்கும். பழைய தோணிகள் கயிற்றையே நம்பியதும் இதனாலேயே.

கண்டல் மரங்கள் செறிந்த ஒடுங்கிய ஓடைகளில் நீண்ட கழிகள் வேர்களில் மாட்டிக்கொள்ளும். அங்கே செல்வோர், முற்றிய மூங்கில்களைக் கட்டாக்கி, தோணியின் இருபுறமும் நீர்மட்டத்தை ஒட்டிப் புறத்தே கட்டிக்கொள்ளலாம். நன்மை சற்றுக் குறைவுதான். எனினும் அகலம் அகலமே. மூங்கிலில் வெடிப்பு உண்டோ என்று பருவந்தோறும் பார்த்து மாற்றுதல் வேண்டும்.

இவ்வளவு செய்தபின்னும் தோணி கவிழாது என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆதலின் இரண்டாவது வினா எழுகிறது: கவிழ்ந்த தோணி, பற்றியிருப்பவரைத் தாங்குமா? பழைய மரத்தோணி நீர் நிறைந்தாலும் மிதக்கும். இக்காலத்துக் கண்ணாடியிழைத் தோணி அத்தகையதன்று. காற்றறை இல்லையேல் நீர் நிறைந்ததும் தாழ்ந்துவிடும். இலேசானது, விலை மலிந்தது, உக்காதது என்று அதனை வாங்கியவர்களிற் பலர் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்குரிய மருந்து மலிவானது. இறுக மூடிய வெறுங்கலன் ஒவ்வொரு லீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ மிதப்பைத் தரும். இருபது லீற்றர்க் கலன்கள் நான்கு இருந்தால் எண்பது கிலோ. நீருக்குள் மனித உடலின் பாரம் மிகச் சிறிது. ஆதலால் தோணியையும் பற்றியிருக்கும் மூன்று பிள்ளைகளையும் இந்த எண்பது கிலோ தாங்கிவிடும். ஆனால் கட்டும் இடத்தில் கருத்து வேண்டும். கலன்களை அடித்தளத்தில் கட்டினால், நீர் நிறைந்த தோணி அவற்றை மேலே கொண்டுவர முயன்று குப்புறப் புரளும். விளிம்புக்குக் கீழே, இருபக்க ஓரங்களிலும், அணியத்தில் இரண்டும் பின்புறத்தில் இரண்டுமாக உயரக் கட்டுதலே முறை. ரெஜிபோம் துண்டுகளையும் இவ்வாறே பயன்படுத்தலாம். வெயிலிலும் உரசலிலும் பொடியாகாதபடி துணியால் பொதிந்து கட்டவேண்டும். கட்டுக்கயிறு வலியதாக இருக்கட்டும். நீருள் கலன் மேலெழும் விசை சிறுகயிற்றை அறுத்துவிடும்.

இனிப் பாரத்தின் எல்லை. இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் சாமுவேல் பிளிம்சோல் என்பார் மாலுமிகளின் உயிருக்காக ஓயாது வாதாடினார். அதன் பயனாக 1876 இல் கப்பல்களின் பக்கத்தில் பாரக்கோடு இடுதல் சட்டமாயிற்று. அக்கோடு அமிழுமளவு சரக்கேற்றுதல் ஆகாது. உங்கள் தோணிக்கும் அப்படியொரு கோடு இடுங்கள். விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே, இருபக்கமும், வெள்ளை நிறத்தால் தீட்டுங்கள். கோடு நீருள் மறைந்தால் ஒருவர் இறங்கியாக வேண்டும். "இன்னும் ஒருவர்தானே" என்ற சொல்லுக்கு வாயால் மறுப்புக் கூறுதல் நம்மவர்க்கு அரிது. அயலார் மனம் நோகுமே என்று அஞ்சுவோம். கோடு அதனை நமக்காகக் கூறிவிடும்.

2021 நவம்பர் 23 ஆம் நாள் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நிகழ்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். பாலம் கட்டும் வேலை நடைபெற்ற காலத்தில் மக்களை ஏற்றிச் சென்ற மிதவைப் படகு கவிழ்ந்து, பள்ளிச் சிறார் உட்படப் பலர் மாண்டனர். நெடுந்தூரக் கடலில் அன்று. நாள்தோறும் கடந்த நீரில், அக்கரை கண்ணுக்குத் தெரியும் இடத்தில். பழகிய நீர் என்ற எண்ணமே நம்மை அசட்டையாக்குகிறது.

ஆதலால், பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி இன்றியமையாதது. அஃது உடலில் இருக்கவேண்டும். பலகையின் கீழ் இருந்து பயனில்லை. கவிழும் தோணியில் அங்கியைத் தேடி அணிய எவருக்கும் நேரம் கிடைப்பதில்லை. சிறுவனின் அளவுக்கு ஏற்றதாய், தோளைப் பற்றித் தூக்கினால் தலைவழியே கழலாததாய்ப் பார்த்து வாங்குங்கள். நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் இது வேண்டும். கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தப் புறப்படாமல் தோணியையே பற்றிக்கொண்டு கூவியழைக்கவும் கற்பியுங்கள். கரை கண்ணுக்குத் தோன்றுவதினும் தொலைவானது. தோணியோ கைக்கெட்டியது, தேடி வருவோர் கண்ணுக்கும் எளிதிற் படுவது.

பொழுதையும் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு வாவி போன்று ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட நீர்ப்பரப்பில், காற்று நீளவாட்டில் ஓடிவந்தால் காலையில் கண்ணாடி போலிருந்த நீர் மாலையில் அலையெழுப்பும். அலையைப் பக்கவாட்டில் ஏற்காமல் அணியத்தைச் சாய்வாகக் கொடுத்துச் செல்லுதல் வேண்டும். தோணி திடீரெனச் சரிந்தால், துடுப்பின் தகட்டைச் சரியும் பக்கத்து நீரின்மேல் தட்டையாக வைத்து அழுத்தினால் ஒரு நொடிக்கு அதுவே ஊன்றுகோலாகும். வாடைக்காற்றும் மழையும் மிகுந்த காலத்திலும், முகத்துவாரம் திறந்து நீர் விரைந்தோடும் நாட்களிலும், ஒரு நாள் வகுப்புத் தவறினால் பிள்ளையின் படிப்புக் கெட்டுவிடாது.

இறுதியாக, ஒரு சோதனை. காற்றில்லாத காலையொன்றில், இடுப்பளவு நீரில், நீந்தவல்ல பெரியவர் இருவர் அருகே நிற்க, பிள்ளைகளுக்கு அங்கி அணிவித்துத் தோணியை வேண்டுமென்றே நீரால் நிரப்புங்கள். அது மட்டமாக மிதக்கிறதா, மூவரும் பற்றினால் தாங்குகிறதா என்று பாருங்கள். குறையிருப்பின் அன்றே தெரிந்துவிடும், அன்றே திருத்தியும்விடலாம். பிள்ளைகளுக்கோ அது விளையாட்டாகத் தோன்றும். ஆயினும் அவர்களின் கைகள் கற்றதை மறவா.

கடிதம் எழுதிய அன்னையாரின் நெஞ்சு இனியும் சிறிது ஆடத்தான் செய்யும். பிள்ளையை நீர்கடந்து அனுப்பும் தாயின் நெஞ்சு வேறெவ்வாறு இருக்கும்? ஆயினும் கல்லைக் கரையிலே விட்டு, பிள்ளைகளை அடியில் அமர்த்தி, கலன்களைக் கட்டி, கோட்டையும் தீட்டிய பின்னர், அந்த ஆட்டம் அச்சமாக இராது. மகன் வரும் திசையை நோக்கிக் காத்திருக்கும் இயல்பான ஆவலாகவே இருக்கும்.