கத்தி வைக்கும் முன் ஓர் ஊசி... போதுமா?

“ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு. ஆனா, ஆன்டிபயாடிக் எதுவுமே எழுதித் தரலையே!”

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கமிருந்து குழந்தையைக் கோவைக்கு அழைத்துப்போய் பிளாஸ்டிக் சர்ஜரி செய்துவரும் பெற்றோருக்கு இப்படியொரு பயம் வருவது இயல்பு. சிலர் ஊர் திரும்பியதும் மருந்துக்கடையில் தாங்களாகவே ஒரு சிரப் வாங்கிவிடுகிறார்கள். அது தேவையா?

பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் அழகுக்கு மட்டுமல்ல. பிறவியிலேயே உள்ள உதட்டுப் பிளவு, ஒட்டிய விரல்கள், வெந்நீர் கொட்டி தழும்பு இழுத்துக்கொண்ட கை, மெஷினில் சிக்கிய விரல்... குழந்தைகளுக்கு இவையெல்லாம் பிளாஸ்டிக் சர்ஜரிதான்.

தோலில் எப்போதும் கிருமிகள் இருக்கும். தோலை அறுக்கும் அந்த நேரத்தில்தான் அவை உள்ளே போகின்றன. அப்போதே மருந்து ரத்தத்திலும் சதையிலும் இருந்தால்தான் அவற்றைத் தடுக்க முடியும். 1961-ல் அமெரிக்க மருத்துவர் ஜான் பர்க் இதைக் கினிப்பன்றிகளிடம் சோதித்தார். கிருமி நுழைந்து 3 மணி நேரம் கழித்துக் கொடுத்த மருந்தால் பலனே இல்லை. தீக்காயக்காரர்களுக்கான செயற்கைத் தோலைப் பிற்காலத்தில் உருவாக்கியவர்களில் ஒருவரும் இவரே.

தடுப்புக்காக ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால், கத்தி வைப்பதற்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்த பிறகு தடுப்புக்காகத் தொடரக் கூடாது. இது 2016-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரிலேயே நரம்பு ஊசியாகப் போட்டுவிடுவார்கள். உங்கள் கைக்குச் சீட்டு வராததற்குக் காரணம் இதுதான். சின்ன, சுத்தமான ஆபரேஷன் என்றால் அந்த ஊசிகூடத் தேவைப்படாமல் போகலாம்.

“கூட நாலு நாள் கொடுத்தா என்ன குறைஞ்சிடும்?” என்று கேட்கலாம். வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு வரலாம். அதைவிட முக்கியம், மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும். நாளைக்கு நிஜமாகவே தொற்று வரும்போது அந்த மருந்து கைகொடுக்காது.

விதிவிலக்குகளும் உண்டு. அண்ணப் பிளவில் தையல் வாய்க்குள் இருக்கிறது. அங்கே கிருமிகள் அதிகம். குவாஹாட்டியில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் 5 நாள் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குத் தைத்த இடத்தில் ஓட்டை விழுவது குறைந்திருந்தது. அழுக்குப் படிந்த திறந்த காயம் என்றால் அங்கே ஆன்டிபயாடிக் வெறும் தடுப்பு அல்ல, சிகிச்சையின் பகுதி. அப்போதும் காயத்தை நன்றாகக் கழுவி, செத்த சதையை நீக்குவதுதான் முதல் வேலை. ஆகவே, டாக்டர் எழுதித் தந்தால் சொன்ன நாள் வரை கொடுங்கள். எழுதவில்லை என்றால் நீங்களாக வாங்காதீர்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது:

* மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. குழந்தையின் சரியான எடையைச் சொல்லுங்கள்.

* முன்பு ஏதாவது மருந்து சாப்பிட்டுத் தடிப்போ, மூச்சுத்திணறலோ வந்திருந்தால் மறைக்காதீர்கள். சளி, காய்ச்சல், சிரங்கு இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

* ஆபரேஷனுக்கு முன் குளிப்பாட்டுங்கள். வீட்டில் முடியை மழிக்க வேண்டாம்; பிளேடு கீறலில் கிருமி சேரும்.

* ஷிஃப்ட் முடிந்து வந்தால் சோப்பு போட்டுக் கை கழுவி, பஞ்சுத் தூசி படிந்த உடையை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். காயத்தைத் துடைக்க பனியன் வேஸ்ட் வேண்டவே வேண்டாம்.

* பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டைப் பிரித்துக் காட்டாதீர்கள்.

நாள் ஆக ஆக வலியும் வீக்கமும் கூடுவது, சிவப்பு பரவுவது, சீழ், கெட்ட வாடை, காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது... இதில் ஒன்று தெரிந்தாலும் நேராக ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போங்கள். வேலைக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதீர்கள்.

அடுத்த முறை மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரை அட்டையைப் பாருங்கள். சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: “ஊசி எப்போ போடுவீங்க? வீட்டுக்குப் போன பிறகும் மருந்து வேணுமா? எத்தனை நாளுக்கு?” பதில் தெரிந்துவிட்டால், அந்தத் தேவையில்லாத சிரப் உங்கள் வீட்டுக்கு வராது.