விண்மீன்களும் விறகடுப்பும்

இலண்டன் மாநகரின் உயர்தர உணவகம் ஒன்றுக்கு மிச்செலின் வழிகாட்டி ஒரு விண்மீனை வழங்கினால், அச்செய்தி மறுநாளே மலேசியத் தமிழ் இளைஞரின் கைக்கு வந்துவிடுகிறது. அங்குள்ள சமையற்கலைஞரின் பெயரை அவர் அறிவார். அக்கலைஞர் எழுதிய நூலின் விலையையும் அறிவார். ஆனால், பாகான் டத்தோவின் தென்னந்தோட்ட லயங்களில் விறகடுப்பை ஊதிக் கண் கரித்த தாய்மார் எதனை எதனோடு சேர்த்துச் சமைத்தனர், அதற்கு என்ன பெயரிட்டனர் என்று வினவினால், அதே இளைஞர் வாய் திறப்பதில்லை. இது நாவின் குறையன்று, மதிப்பீட்டின் குறை. அளவுகோலை அயலார் கையில் கொடுத்துவிட்டு, அவர் வந்து அளக்கும் நாளுக்காகக் காத்திருக்கும் மனப்பான்மையின் விளைவு.

அந்த அளவுகோல் பிறந்த கதையை முதலில் அறிதல் நலம். மிச்செலின் என்பது சமையற்கலைக் கழகமன்று. உருளிப்பட்டை செய்து விற்கும் பிரெஞ்சு நிறுவனம். மக்கள் வண்டியேறி நெடுந்தொலைவு பயணம் செய்தால் உருளிகள் தேயும், தேய்ந்தால் விற்பனை பெருகும் என்னும் வணிகக் கணக்கில் 1900ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. 1926இல் விண்மீன் முறை தொடங்கியது. மூன்று விண்மீன் பெற்ற உணவகம், அதற்காகவே தனிப்பயணம் மேற்கொள்ளத் தக்கது என்று பொருள். அந்த உருளிக்கு வேண்டிய இரப்பர் எங்கிருந்து வந்தது? கீழைநாடுகளின் கூலிகள் கீறிய மரங்களிலிருந்து வந்தது. மிச்செலின் நிறுவனமே வியட்நாமில் தோட்டங்கள் வைத்திருந்தது. அதன் பூ ரியெங் தோட்டத்தில் 1930இல் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தது வரலாறு. மலாயாவிலோ டன்லப் முதலிய பிரிட்டிஷ் நிறுவனங்களுக்காகத் தமிழர் பால்மரம் வெட்டினர். விடியுமுன் பழஞ்சோற்றைப் பிசைந்து உண்டுவிட்டு மரத்தடிக்கு ஓடியவர்களின் உழைப்பு உருளியாயிற்று. அந்த உருளியை விற்க எழுந்த ஏடு இன்று சோற்றுக்குத் தரம் கூறுகிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்தத் தரத்தைத் தலைமேல் வைத்துப் போற்றுகின்றனர். இதனினும் பெரிய முரண் வேறு உண்டோ?

பிரிட்டன்கூடத் தன் நாவைத் தானே அளந்து கொள்ளவில்லை என்பதையும் நினைத்தல் வேண்டும். 1982இல் அந்நாட்டில் முதன்முதலாக மூன்று விண்மீன் பெற்ற லெ கவ்ரோஷ், ரூ உடன்பிறப்பினர் என்னும் பிரெஞ்சுக்காரர் நடத்திய உணவகம். அது 2024 சனவரியில் மூடப்பட்டது. இலண்டனில் இந்திய உணவகங்கள் முதல் விண்மீனைப் பெற 2001ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவரை அவ்வுணவில் சுவை இல்லாமலா இருந்தது? மிக இளமையிலேயே மூன்று விண்மீன் பெற்ற ஆங்கிலேயர் மார்கோ பியர் ஒயிட், 1999இல் அவற்றைத் துறந்துவிட்டு அடுக்களையை விட்டு வெளியேறினார். விண்மீனைப் பெற்றவரே அதனைத் துறக்கத் துணிந்தபோது, அதனைக் கண்ணாலும் காணாதவர் அதற்குத் தோப்புக்கரணம் போடுவது ஏன்? கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் 2022 திசம்பரில் அவ்வேடு வந்தபோது எழுந்த ஆரவாரம் நினைவிருக்கும். கோலாலம்பூரும் பினாங்கும் ஏட்டில் ஏறின. பேராக்கின் தோட்டப்புறம் ஏறவில்லை. இனி ஏறினாலும் லயத்து அடுப்பைத் தேடி எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை.

இங்கே வேறொரு சாரார் குறுக்கிடுவர். 'ஆங்கிலேயன் கறியைத் திருடினான். மிளகுத்தண்ணீரைத் திருடினான்' என்று மேடையில் முழங்குவர். இம்முழக்கத்தில் உண்மை பாதி, சோம்பல் பாதி. கறி என்னும் சொல்லும் மிளகுத்தண்ணீர் என்னும் சொல்லும் கடல் கடந்தன என்பது மெய்யே. 1747இல் ஹன்னா கிளாஸ் அம்மையார் தம் சமையல் நூலில் மல்லியும் மிளகும் சேர்த்த கறிக்குக் குறிப்பு எழுதிவிட்டார். 1878இல் கென்னி-ஹெர்பர்ட் என்னும் படையதிகாரி சென்னையிலேயே ஒரு பெருநூல் வெளியிட்டார். அந்நூலில் அடுப்படியில் நிற்கும் தமிழன் 'ராமசாமி' என்னும் பொதுப்பெயரால் குறிக்கப்படுகிறான். துரைசானிக்குப் பாடம் சொல்பவர் அதிகாரி. 1926இல் எட்வர்ட் பால்மர் என்பார் இலண்டன் ரீஜண்ட் தெருவில் வீராசாமி என்னும் பெயரில் ஓர் உணவகம் திறந்தார். புத்தகத்தில் ராமசாமி, பெயர்ப்பலகையில் வீராசாமி! இருவரில் எவரும் வாய் திறந்து பேசவில்லை.

இதில் அயலார் செய்த பிழை ஒன்று. தமிழர் செய்த பிழை ஒன்பது. ஹன்னா கிளாஸ் எழுதியதால் தமிழரின் கறி குறைந்துவிடவில்லை. ராமசாமியின் மகனும் பேரனும் எழுதாமல் விட்டதால்தான் குறைந்தது. எழுதியவன் உரிமை கொண்டாடுவான். எழுதாதவன் களவு போயிற்று என்று கூவிக்கொண்டிருப்பான். அழுகை ஆவணம் ஆகாது.

பிரிட்டனிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லையா? உண்டு, அது விண்மீனன்று. தொழிற்புரட்சியால் சிற்றூர்கள் வெறிச்சோடி, பழைய ஆங்கில உணவு மறைந்து வருவதைக் கண்டு கவன்றவர் ஃபுளோரன்ஸ் ஒயிட் அம்மையார். அவர் 1928இல் ஆங்கில நாட்டுப்புறச் சமையலுக்கென ஒரு சங்கம் நிறுவினார். பெயரறியாத இல்லத்தரசியர் பலரிடமிருந்து குறிப்புகளைத் திரட்டி 1932இல் நூலாக்கினார். ரேமண்ட் போஸ்ட்கேட் என்னும் வரலாற்றாசிரியர், போருக்குப்பின் உணவுப் பங்கீடு நடந்த காலத்தில், சாதாரண மக்கள் எழுதியனுப்பிய கருத்துகளைத் தொகுத்து 1951இல் நல்லுணவு வழிகாட்டியைத் தொடங்கினார். ஒருவர் ஊராரிடம் கேட்டு எழுதினார்; மற்றவர் உண்பவரையே நடுவராக்கினார். போற்றத்தக்க பிரிட்டன் இதுவே. தமிழ் இளைஞரோ இவ்விருவரையும் விட்டுவிட்டு, வெள்ளைத் தொப்பியையும் விலைப்பட்டியலையும் பார்த்து வியக்கின்றனர்.

'சமையற் குறிப்பு இலக்கியமாகுமா? தமிழாசிரியருக்கு அடுக்களையில் என்ன வேலை?' என்பார் சிலர். இவ்வாறு கேட்பவர் தாம் கற்பிக்கும் நூல்களையே மறந்தவர். பெரும்பாணாற்றுப்படை எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் ஆகியோர் இல்லங்களில் கிடைக்கும் உணவை வேறுபடுத்திக் காட்டவில்லையா? சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் அளிக்கும் விருந்து, வீமன் இயற்றியதாகச் சொல்லப்படும் மடைநூலின் நெறி பிறழாதது என்று புலவர் பாராட்டவில்லையா? சமையலுக்கு நூல் உண்டு என்று நினைத்த இனம் இது. அதே சிறுபாணாற்றுப்படை, குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்து உண்ட வறியோரையும் பாடுகிறது. அரசனின் மடைக்கும் ஏழையின் உலைக்கும் ஒரே பாட்டில் இடம் தந்த மரபு அது. கூடலூர் கிழாரின் குறுந்தொகைப் பாடலில் தாளிப்புப் புகை கண்ணில் படியச் சமைத்த தலைவியின் முகமலர்ச்சியை நயம்பட விளக்கும் ஆசிரியர், தம் மாணவனின் பாட்டி கண்ட புகையை மட்டும் இழிவாக எண்ணுவது எவ்வகை நியாயம்?

பாகான் டத்தோவில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பேராக் ஆறு கடலோடு கலக்கும் நிலம் அது. மலேசியாவில் தென்னைக்குப் பெயர் பெற்ற வட்டாரம். அங்கே தேங்காய் வெறும் கூட்டுப்பொருளன்று, அதுவே பிழைப்பு. முதற்பால், இரண்டாம் பால் என்று பிரித்து, இரண்டாம் பாலில் மீனையோ நண்டையோ வேகவைத்து, முதற்பாலை இறுதியில் ஊற்றி, கொதி மிகுமுன் இறக்கிவிடும் கைப்பக்குவம் அங்குள்ளோர்க்கு இயல்பானது. கொதி மிகுந்தால் பால் திரிந்துவிடும் என்னும் நுட்பத்தை அவர்கள் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. ஆற்றுமுகத்து இறாலும் நண்டும், கருவாடும் நெத்திலியும், கடனுக்குக் கிடைத்த சார்டின் டின்னும் ஒரே மசாலைக்குப் பணிந்தன. மலாய் அண்டை வீட்டாரிடமிருந்து ரம்பை இலையும் பிளாச்சானும் வந்து சேர்ந்தன. சப்பானியர் ஆட்சியில் அரிசி அருகியபோது மரவள்ளிக் கிழங்கு உயிர் காத்தது. தமிழகத்தில் இல்லாத, மலாயாவில் மட்டுமே விளைந்த ஒரு தமிழ்ச் சமையல் இது. 1951இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' தமிழில் அரிய நூல்தான். ஆயினும் அதன் சைவ அடுக்களையில் தோட்டத்துக் கருவாட்டுக்கு இடமில்லை. அக்குறையைத் தோட்டத்தார் அல்லாமல் வேறு யார் நிறைவு செய்வர்?

'இப்பொழுது காணொளிகள் இருக்கின்றனவே' என்பது அடுத்த விடை. 2020இல் பேராக்கைச் சேர்ந்த ஒரு தோட்டத் தம்பதியர் தம் எளிய சமையலைக் காணொளியாக்கி நாடறிந்தவராயினர்; அது பாராட்டத்தக்க துணிவு. அவர்கள் பேசியது மலாய்; நாடு முழுவதும் கேட்டது. அதில் தவறேதும் இல்லை. ஆனால் தமிழில் யார் எழுதப்போகின்றனர்? காணொளி கையைக் காட்டும், சொல்லைக் காக்காது. வதக்குதல், வாட்டுதல், வறுத்தல், பொரித்தல், அவித்தல், துவட்டுதல், கிண்டுதல், தாளித்தல் என்னும் வினைகள் ஒவ்வொன்றும் தீயின் ஒவ்வொரு நிலையைக் குறிப்பன. இன்றைய மாணவன் இவற்றில் பாதியை 'ஃபிரை' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறான். அடுக்களை அணையும்போது அகராதியும் அணைகிறது.

காலமும் காத்திருக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது, லயத்தார் நகரத்து அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்தனர். விறகடுப்பில் சமைத்த தலைமுறை முதுமையின் வாயிலில் நிற்கிறது. அவர்களில் பலர் எழுதப் படிக்க அறியாதவர். அவர்கள் நினைவே அவர்களுடைய நூலகம்.

ஆகவே தமிழாசிரியர் செய்யத்தக்க பணி தெளிவானது. கட்டுரைப் பாடத்தில் 'நான் ஒரு விமானம்' என்று எழுதச் சொல்வதை ஒருமுறை நிறுத்திவிட்டு, 'என் பாட்டியின் குழம்பு' என்று எழுதச் சொல்லுதல் வேண்டும். மாணவன் பாட்டியிடம் சென்று கேட்கட்டும். அவர் 'ஒரு பிடி', 'கண்ணளவு', 'ஒரு கொதி' என்று கூறுவதை அவர் சொன்னபடியே எழுதட்டும். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எந்தப் பஞ்சம் என்பதையும் குறிக்கட்டும். பாகான் டத்தோ வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் இவற்றைத் தொகுத்தால் அது சமையல் நூலாக மட்டும் அமையாது. எழுதப்படாத தொழிலாளர் வரலாறாகவும் அமையும். எழுத்தாளர் சங்கங்கள் அதனை அச்சேற்றுதல் கடமை. இலண்டன் தன் விண்மீன்களைத் தானே எண்ணிக் கொள்ளட்டும். பாட்டி பேசத் தயாராக இருக்கிறார். கேட்டு எழுதுவதற்குத்தான் ஆளில்லை.