அயல் மண்ணில் நட்பு

சீனா என்ற பெயரைக் கேட்டவுடன் நம் மாணவர் கூட்டத்தில் எழும் பேச்சு மூன்றே வகைப்படும். மலிவான பொருள்கள் ஒன்று. எல்லைச் சண்டை மற்றொன்று. 2020-இல் உலகத்தையே வீட்டுக்குள் அடைத்த கொள்ளைநோய் மூன்றாவது. அந்த நாட்டில் நம்மவர்கள் சென்று தங்கினார்கள், படித்தார்கள், வாணிகம் செய்தார்கள், அண்டை வீட்டாரோடு பழகினார்கள் என்பதும், இன்றும் பலர் அவ்வாறு வாழ்ந்து வருகிறார்கள் என்பதும் யாருடைய பேச்சிலும் வருவதில்லை. அயல்நாட்டில் வாழ்கின்ற ஒருவனுக்கு நட்பு எவ்வாறு கிட்டுகிறது, எதனால் கிட்டாமற் போகிறது என்பதைச் சிந்திக்கச் சீனத்தைவிடப் பொருத்தமான நாடு வேறில்லை என்பது என் கருத்து. அந்தச் சிந்தனை முடிவில் நம் திண்டுக்கல்லுக்கே நம்மைக் கொண்டுவந்து நிறுத்தும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தமிழன் சீனத்துக்குப் போனது நேற்றைய செய்தியன்று. சோழ மன்னர்கள் சீனப் பேரரசுக்குத் தூது அனுப்பியிருக்கிறார்கள். 1077-இல் முதற் குலோத்துங்கன் காலத்தில் சென்ற தூதுக்குழுவில் 72 பேர் இருந்தனர் என்று சீன ஏடுகள் குறித்து வைத்திருக்கின்றன. தூதர் போவர், திரும்புவர். ஆனால் வணிகர்கள் அங்கேயே தங்கினார்கள். தென்கிழக்குச் சீனத்துத் துறைமுகமான சுவான்சௌ நகரில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்னும் தமிழர் ஒருவர், ஆட்சியிலிருந்த கானின் நலத்துக்காக அங்கே சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தியை அது தமிழில் கூறுகிறது. கடைசி வரி சீன எழுத்தில் இருக்கிறது. அந்நகரின் கையுவான் பௌத்தக் கோயிலில் இந்து சமயச் சிற்பங்கள் கொண்ட தூண்களை இன்றும் காணலாம். 2021-இல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்தக் கல்வெட்டைப் பெருமை பேசுவதற்கு மட்டுமே நாம் பயன்படுத்திக் கொள்கிறோம். எனக்கோ அதன் கடைசி வரிதான் பெரிதாகத் தோன்றுகிறது. தன் தெய்வத்தைத் தன் மொழியில் போற்றிய அந்த மனிதர், தான் வாழும் ஊராருக்காக அவர்களுடைய எழுத்துக்கும் அதே கல்லில் இடம் கொடுத்தார். அயல் மண்ணில் வாழ்வோர் கற்க வேண்டிய முதற் பாடம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அப்பாடத்தை நம் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்து காட்டியவர் டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ். மகாராட்டிரத்துச் சோலாப்பூரில் 1910-இல் பிறந்த அவர், ஜப்பானியப் படையெடுப்பால் சீன மக்கள் அல்லலுற்ற வேளையில், 1938-இல் இந்தியாவிலிருந்து சென்ற ஐந்து மருத்துவர்களில் ஒருவர். உடன் சென்றவர்களுள் பலர் திரும்பிய பின்னும் அவர் அங்கேயே தங்கிப் போர்க்களத்தில் காயம்பட்டோருக்கு அறுவை மருத்துவம் செய்தார். சீன மொழியைக் கற்று, அம்மொழியிலேயே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். குவோ சிங்லான் என்னும் சீனச் செவிலியரை மணந்தார். பிறந்த மகனுக்கு வைத்த பெயர் யின்ஹுவா. ‘யின்’ இந்தியாவையும் ‘ஹுவா’ சீனத்தையும் குறிக்கும். 1942 டிசம்பர் 9-ஆம் நாள், 32 வயதிலேயே அவர் மறைந்தார். இன்றும் சீனத்தில் அவருக்கு நினைவிடமும் சிலையும் உண்டு. மருந்துப் பெட்டியோடு போனவர்கள் ஐவர். மக்களின் நெஞ்சில் முதலிடம் பெற்றவர், அவர்கள் பேச்சைத் தம் பேச்சாக்கிக் கொண்ட கோட்னிஸ்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். கொள்ளைநோய்க்கு முன்பு சீனத்தில் படித்த இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 23,000 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. இங்கே தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு வழியில்லாத நடுத்தரக் குடும்பங்கள், நிலத்தை அடகு வைத்தும் நகையை விற்றும் அனுப்பிய பிள்ளைகள் அவர்கள். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும் என்று சொல்லித்தான் முகவர்கள் அழைத்துச் செல்கிறார்கள். வகுப்பறையில் அது உண்மையே. ஆனால் மருத்துவமனைக்குள் நுழைந்தவுடன் நோயாளி பேசுவது சீனமாயிற்றே! வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் கிழவரிடம் ஆங்கிலத்தில் என்ன கேட்பது?

என் பெரியம்மா மகன் ஒருவர் 2017-இல் அவ்வாறு சென்றவர். அவர் சொன்ன செய்தி இது. விடுதியில் நம் நாட்டு மாணவர்கள் தனித் தளத்தில் இருந்தார்கள். தனிச் சமையல், தனி அரட்டை, தனி விளையாட்டு. ஐந்தாண்டு முடிந்தும் காய்கறி விலை கேட்பதற்குமேல் சீனம் பேசத் தெரியாதவர்கள் அங்கே பலர். அண்ணன் மட்டும் விடுதிக்கு எதிரிலிருந்த சிற்றுண்டிக் கடை அம்மாளிடம் நாள்தோறும் நான்கு சொற்கள் கற்றுக்கொண்டார். ‘நாலி தெங்’, அதாவது ‘எங்கே வலிக்கிறது’ என்ற கேள்வியைப் புத்தகத்துக்கு முன்பே அந்த அம்மாளின் முழங்கால் வலி அவருக்குக் கற்றுக் கொடுத்துவிட்டது!

அண்ணனை வியப்பில் ஆழ்த்தியவை இன்னும் சில. சீனத்தில் பழைய தலைமுறையினர் ஒருவரையொருவர் கண்டால் ‘சாப்பிட்டாயா’ என்றே நலம் விசாரிக்கிறார்கள். நம் பாட்டிமாரும் அப்படித்தானே? முன்னிலை ஒருமைக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘நீ’. இது தற்செயலான ஒலி ஒற்றுமையே. மொழி உறவு என்று யாரும் ஆராய்ச்சிக்குக் கிளம்ப வேண்டாம்! ஆயினும் வீட்டை விட்டுப் பல்லாயிரம் கல் தொலைவில் இருப்பவன் காதில் அச்சொல் விழும்போது உண்டாகும் இன்பம் பொய்யன்று. ஆங்கிலத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சொல். சீனத்தில் அண்ணன் ‘கெகெ’, தம்பி ‘திதி’. தந்தையின் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு வேறு சொல். நம் பெரியப்பா, சித்தப்பா போலவே. அறிமுகமில்லாத பெரியவரையும் உறவு சொல்லி அழைப்பது அங்கும் வழக்கம். கடைக்கார அம்மாளை அண்ணன் ‘ஆயீ’ என்று அழைத்தாராம், சிற்றன்னை முறை.

சீனப் புத்தாண்டு வந்தால் நகரங்கள் வெறிச்சோடிவிடும். பொங்கலுக்கு நம் பேருந்து நிலையத்தில் கூடும் கூட்டத்தைப் பன்மடங்கு பெருக்கிக் கொள்ளுங்கள். நாடே சொந்த ஊருக்குப் புறப்படும். விடுதியில் தனித்திருந்த அண்ணனை வகுப்புத் தோழன் ஒருவன் தன் கிராமத்துக்கு அழைத்துப் போனான். அவனுடைய பாட்டி, பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்பது போலவே அண்ணனுக்கும் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுத்தாராம். இதை நான் சொல்வது சீனரெல்லாம் தேவர் என்று நிலைநாட்டுவதற்கன்று. வெளிநாட்டவன் தங்குமிடம் மாறினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம். தெருவில் போனால் ‘லாவ்வாய்’, அதாவது ‘வெளிநாட்டான்’ என்று விரல் காட்டுவோரும் உண்டு. எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அந்நாட்டுக் குடிமகனாவது அரிதினும் அரிது. இத்தனைக்கும் நடுவே ஒரு பாட்டியின் சிவப்பு உறை கிடைத்ததென்றால், அவ்வுறையின் மதிப்பு இன்னும் கூடுகிறது என்றே சொல்வேன்.

மொழி கல்லாமையின் விலை என்ன என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2022-இல் பெய்ஜிங்கிலுள்ள இந்தியத் தூதரகம் மாணவர்களுக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2015 முதல் 2021 வரை, சீனத்தில் படித்துவிட்டு நம் நாட்டுத் தகுதித் தேர்வை எழுதியோர் 40,417 பேர். தேறியோர் 6,387 பேர் மட்டுமே. நூற்றுக்குப் பதினாறு! நோயாளிகளோடு பழகும் பயிற்சிக்குச் சீன மொழி இன்றியமையாதது என்பதையும் அவ்வறிவிப்பு எடுத்துக் கூறியது. தோல்விக்குக் காரணங்கள் பல இருக்கலாம். நோயாளியோடு பேசாமல் நோயைக் கற்க முயன்றது அவற்றுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

‘பகை நாட்டோடு என்ன நட்பு வேண்டிக் கிடக்கிறது?’ என்று சில நண்பர்கள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர் நீத்த நம் வீரர்கள் 20 பேர். அவர்களுள் ஒருவர் நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. அந்தக் குடும்பங்களின் கண்ணீரை யாரும் மறக்கக் கூடாது. எல்லையைக் காப்பது அரசின் கடமை. அதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. ஆனால் எல்லையில் மூண்ட சினத்தை எளிய மனிதர் மேல் காட்டினால் என்ன நேரும் என்பதற்கும் நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1962 போரையடுத்து, அசாமிலும் டார்ஜிலிங்கிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த சீன வமிசத்தார் ஏறத்தாழ 3,000 பேர், விசாரணையின்றி இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். செருப்புத் தைத்தவர்களும், தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்களும், பள்ளிப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள். சிலர் நான்காண்டுக்கு மேலும் அங்கே கிடந்தனர். அவர்கள் செய்த குற்றம் முகச்சாயலன்றி வேறென்ன?

போர் முடிந்த மறு ஆண்டே, 1963-இல், பெய்ஜிங்கிலிருந்து தமிழ் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். அதில் பணிபுரிந்த சீனர்கள் தமிழ் கற்று, கலைமகள் என்பது போன்ற தமிழ்ப் பெயர்களைச் சூட்டிக்கொண்டு பேசினார்கள். அரசுகளுக்கு அதில் ஆயிரம் நோக்கம் இருக்கலாம். சிற்றூர்களிலிருந்து அஞ்சலட்டை எழுதிய நம் நேயர்களுக்கும், அதைப் படித்து விடை சொன்ன அறிவிப்பாளர்களுக்கும் இடையே வளர்ந்தது நட்பே.

2020 தொடக்கத்தில் விடுமுறைக்கு வந்த நம் மாணவர்கள் திரும்பிச் செல்ல முடியவில்லை. அவ்வாண்டு ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. ஆசிரியரும் தோழரும் கடைக்கார அம்மாளும் அண்ணனுக்கு எட்டியது அந்த ஒரு வழியாகத்தான். ஒரே இரவில் அது அடைபட்டது. மாணவர்களுக்கு விசா வழங்குவது மீண்டும் தொடங்க 2022 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நிறுத்தப்பட்ட நேரடி விமானங்களோ 2025 அக்டோபரில்தான் மீண்டும் பறந்தன. அந்த இரண்டரை ஆண்டும் மின்னஞ்சல் வழியே பாடக் குறிப்புகளை அனுப்பியவன், புத்தாண்டுக்கு வீட்டுக்கு அழைத்துச் சென்ற அதே தோழன். அண்ணன் திரும்பிப் போய்ப் பட்டம் பெற்று, தகுதித் தேர்விலும் தேறினார். அரசுகள் பூட்டிய கதவுக்கு ஒரு சாளரம் இருந்தது. அதைத் திறந்து வைத்தது நட்பு.

இப்போது திண்டுக்கல்லுக்கு வருகிறேன். வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். நாள்தோறும் நாம் வரும் பேருந்திலேயே அவர்களும் வருகிறார்கள். அவர்களுள் ஒருவருடைய பெயராவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லோருக்கும் சேர்த்து ‘வடக்கன்’ என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம். நம் பிள்ளையைச் சீனத்தில் ‘லாவ்வாய்’ என்றால் நமக்கு உறைக்கிறது. இங்கே நாம் சொல்வது அவர்களுக்கு உறைக்காதா? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. அஞ்சிய பலர் மூட்டை கட்டினார்கள். பொய் அவ்வளவு எளிதாக வேரூன்றியது ஏன்? ‘அது பொய், நீ பயப்படாதே’ என்று தோளைத் தொட்டுச் சொல்ல அவர்களுக்கு இங்கே தமிழ் நண்பர் இல்லாததும் ஒரு காரணம்.

நம் ஊருக்கு இது புதிய பாடமும் அன்று. நாகல்நகரில் வாழும் சௌராட்டிர மக்களின் முன்னோர் மேற்கிலிருந்து வந்தவர்கள். வீட்டில் தம் மொழி, வீதியில் தமிழ் என்று அவர்கள் இரண்டையும் காத்து வருகிறார்கள். இன்று அவர்களை யாராவது வெளியூரார் என்போமா?

ஆகவே நம் கல்லூரிக்கு இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், வாரம் ஒரு மாலை ஆலைத் தொழிலாளர்க்குப் பேச்சுத் தமிழ் கற்பிக்கட்டும். பேருந்துப் பலகை படிக்கவும், மருத்துவரிடம் வலியைச் சொல்லவும், கூலிக் கணக்குக் கேட்கவும் தெரிந்தால் போதும். மீதியை ஊர் கற்றுக் கொடுக்கும். அடுத்து, வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் போக எண்ணும் மாணவர்க்குச் சீனம் போன்ற மொழிகளின் தொடக்கப் பாடம் இங்கேயே கிடைக்க வழி செய்யப்படட்டும். பெய்ஜிங்கிலும் யுன்னானிலும் பல்கலைக்கழக மாணவர்கள் தமிழ் கற்கும்போது, நாம் பதிலுக்கு நாற்பது சொற்களாவது கற்கலாகாதா?

பூட்டுக்குப் பேர் பெற்ற ஊர் நம்முடையது. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டுச் செய்யத் தெரிந்த கைக்குச் சாவி செய்யவும் தெரியும். அயலானிடம் அவன் மொழியில் சொல்லும் ஒரு சொல்லே அந்தச் சாவி. நாளைக் காலைப் பேருந்தில் பக்கத்தில் அமர்பவரிடம் பெயர் கேட்டு, ‘சாப்பிட்டீர்களா’ என்று கேட்பதற்கு எந்த அரசின் விசாவும் வேண்டியதில்லை.